காய் வைக்காத மாசி

ஆனேதொட்டியில் அந்த வருடம் பங்குனி பிறக்கவில்லை. மாசி இருபத்துமூன்றாம் தேதித் தாளைக் கிழித்தவர்கள் அடியில் இன்னொரு மாசி இருபத்துமூன்றைப் பார்த்தார்கள், அச்சடித்தவனைத் திட்டிக்கொண்டே அதையும் கிழித்தார்கள், அதற்கடியிலும் அதே செவ்வாய்க்கிழமையும் அதே ராகு காலமும் இருந்தன. பால் சொசைட்டி எழுத்தர் பொறுமைக்காரர், எட்டுத் தாள் வரை கிழித்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தை வீணாக்குவானேன் என்று காலண்டரை ஆணியில் திரும்ப மாட்டினார். ஓசூருக்குத் தெற்கே ஏரிக்கும் யானைக்காட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஊரில் நூற்றுப் பதினோரு வீடுகள். பேருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை வரும் என்று பலகையில் எழுதியிருக்கும், இரண்டு முறை வரும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மாதம் வராமல் போனதற்காக யாரும் அலறவில்லை. காரணம் சாக்கம்மாளின் பூவயல் என்பது அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள், பாவம் அவள் வேறு என்ன செய்வாள் என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார்கள்.

வீட்டு வேலியை ஒட்டி அரை ஏக்கர் நிலம், அதில் பிளாக்ஸ். தலையில் வைக்கிற பூ இல்லை, சாமிக்குச் சாத்துகிற பூவும் இல்லை. பெங்களூரில் கல்யாண மண்டபங்களிலும் ஓட்டல் மேசைகளிலும் கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி அடுக்கி வைப்பதற்கான பூ. வெள்ளை, ரோஸ், சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்று கொத்துக் கொத்தாகப் பூக்கும். சாக்கம்மாளின் கணவன் திம்மராயன் பதினெட்டு வருடம் ஒரு பூ கம்பெனியின் பாலித்தீன் கூடாரங்களுக்குள் மருந்தடித்தவன், அங்கிருந்து அவன் கொண்டுவந்தவை இரண்டு: இந்தப் பூவை விதைபோட்டு வளர்க்கிற வித்தையும், தேங்காய் நாரைப் போல இறுகிப்போன நுரையீரலும். இந்த விதை வெளிச்சத்தில் முளைக்காது, அரை விரல் மண்ணுக்கடியில் இருட்டில் வைக்க வேண்டும், நாற்றைப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், போட்ட இடத்திலேயே வளரவிட வேண்டும், ஆறு இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை அடிக்கும் என்று ஒவ்வொன்றையும் அவன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்கச் சொன்னான், அவள் செய்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொன்னான்: பாதிக் கொத்து விரிந்ததும் வெட்டிவிட வேண்டும், வெட்ட வெட்டப் பூக்கும், வெட்டாமல் விட்டால் காய் வைக்கும், காய் வைத்துவிட்டால் செடிக்குத் தன் வேலை முடிந்தது என்று தெரிந்துபோய் மொத்தமும் காய்ந்துவிடும்.

மாசி பிறந்த வாரத்தில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். அவர் நல்ல மனிதர், நேராகச் சொல்ல மனமில்லாமல், என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். அவள் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அதுவரை அவளை யாரும் தெரிந்ததைக் கேட்கவில்லை. பூக்கிறது, வெட்டுகிறது, காய்க்கிறது, காய்கிறது எல்லாம் கேட்டுக்கொண்ட டாக்டர், "அப்ப அது காய் வைக்கிற வரைக்கும்னு வச்சுக்குங்கம்மா" என்றார். படித்தவர்களின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தால் அதை ஒப்புமை என்று எடுத்துக்கொள்வார்கள். பூ வளர்க்கிறவள் அதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டாள்.

அன்று பேருந்தில் வரும்போதே ஓசூரில் இறங்கி இரண்டு புதிய கத்தரிக்கோல் வாங்கினாள். மறுநாள் வெளிச்சம் வரும்போது வயலில் இறங்கியவள் ஒரு கொத்து விடாமல் வெட்டினாள். விரிந்தது, விரியாதது, வதங்கியது, பூச்சி தின்றது எல்லாவற்றையும் வெட்டினாள், இலைக்கடியில் ஒளிந்துகொண்டிருந்ததைக் குனிந்து பார்த்து வெட்டினாள். மாசி இருபத்துமூன்றாம் தேதி காலை, முன்னூற்றுச் சொச்சம் செடிகள் கொண்ட கடைசிப் பாத்தியையும் முடித்து அவள் நிமிர்ந்தபோது அரை ஏக்கரில் ஒரு காய் இல்லை, காயாகப் போகிற பூவும் இல்லை. அன்றைக்கு நின்றதுதான்.

ஒரு ராத்திரியில் முடிகிற காரியங்கள் வழக்கம்போல முடிந்தன. பால் உறைந்தது, இட்லி மாவு பொங்கியது, பூவும் வெட்டிய இடத்தில் மறுநாள் பூத்தது. அதைத் தாண்டிய எதுவும் நகரவில்லை. கோழிகள் முட்டைமேல் உட்கார்ந்தபடியே இருந்தன, மாமரங்கள் பூவோடு நின்றன, நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, முடிதிருத்துகிற சின்னப்பன் கடையைப் பூட்டிவிட்டு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கப் போனான். சுற்றியுள்ள ஊர்களில் சித்திரை வெயில் கொளுத்தி, ஆனியில் காற்று எழுந்து, ஆடியில் மழை பிடித்தபோதும் ஆனேதொட்டியில் தினமும் காலையில் மாசிப் பனி விழுந்தது. ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன இளவட்டங்கள் அங்கே அந்தந்த மாதச் சம்பளத்தை வாங்கினார்கள், ஆனால் அவர்கள் போன இடத்துக்கெல்லாம் மாசி இருபத்துமூன்று அவர்களோடேயே போயிற்று. ஆறு மாதம் ஷேவ் பண்ணாத முகத்தில் ஒரு நாள் தாடியோடு நின்றவர்களைப் பார்த்துச் சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை, மூன்றாவது ஷிப்டுக்கு ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு.

முதலில் ஊர் சந்தோஷப்பட்டது என்றே சொல்ல வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் வலி கூடவில்லை என்றார்கள். ரேஷன் கடையில் ஒரு மாதத்துச் சர்க்கரை தீராமலே இருந்தது. பெண்கள் வீட்டு வேலை முடித்துவிட்டுச் சாக்கம்மாளின் வயலுக்கு வந்து ஆளுக்கொரு பாத்தி பிடித்து வெட்டினார்கள், ஏனென்றால் அந்தச் செடியின் குணம் அப்படி, நேற்று நூறு வெட்டினால் இன்றைக்கு நூற்றிருபது பூக்கும், ஒருத்தியின் இரண்டு கை போதாது. வெட்டிய தண்டின் அடியிலைகளை உருவி, இருபது இருபதாகக் கட்டி, பேப்பரில் சுற்றி, வாளித் தண்ணீரில் நிறுத்தினார்கள். வேன்காரன் இம்தியாஸ் ஏழு மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போவான். வெளியே எல்லாத் தோட்டத்திலும் பிளாக்ஸ் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"அக்கா, பெங்களூர்ல கேக்குறாங்க, இந்தப் பூவ எந்த ஃப்ரிட்ஜுல வச்சிருந்தீங்கன்னு" என்றான் இம்தியாஸ்.

"மாசியிலன்னு சொல்லு" என்றாள் பாத்தியில் குனிந்திருந்த ஒருத்தி. வயல் முழுக்கச் சிரித்தது. சாக்கம்மாள் சிரித்தபடியே இலையை விலக்கி அடியில் பார்த்தாள்.

திம்மராயன் இருந்தான். சாகவில்லை. வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் தலையணை மூன்றை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான், ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இழுப்பதுபோல இழுத்தான். மாசி இருபத்துமூன்று அவனுக்கு நல்ல நாளாக இருக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கு விலாவில் ஒரு குத்து வந்திருந்தது, மத்தியானம் சோறு இறங்கியிருக்கவில்லை, மூன்று மணிக்கு இருமலில் இரத்தம் வந்திருந்தது. அதனால் தினமும் பத்து மணிக்குக் குத்து வந்தது, மூன்று மணிக்கு இரத்தம் வந்தது. சாக்கம்மாள் இரண்டேமுக்காலுக்கே கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுக் கௌரம்மாவின் மருமகள் ஹேமலதாவுக்கு அந்த மாசியில் எட்டு மாதம் பத்து நாள். முன்னே இரண்டு தங்காமல் போய் மூன்றாவதாக நின்றது. வெளியே ஆவணி பிறந்தபோதும் அவளுக்கு எட்டு மாதம் பத்து நாள். தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆறு முறை ஸ்கேன் எடுத்தார்கள், ஆறு முறையும் ஒரே படம் வந்தது, மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்தான். தாய்வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், மாசியும் அவளோடு போய்த் திரும்பியது. வயிற்றில் பிள்ளை உதைத்தது, தினமும் அதே நேரத்தில் அதே இடத்தில், இடது விலாவுக்குக் கீழே. அந்த இடம் கன்றிக் கறுத்துவிட்டது. அவளால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினாள்.

அதன்பிறகு வயலுக்கு வருகிற கைகள் குறைந்தன. சொல்லிவிட்டு யாரும் நிற்கவில்லை. ஒருத்திக்கு மாட்டுக்குச் சுகமில்லை, ஒருத்திக்கு விருந்தாளி, ஒருத்தி வழியில் பார்த்தால் வேறு பக்கம் பார்த்தாள். பங்குனியில் கல்யாணம் வைத்திருந்த வீட்டில் பந்தல்காரன் கட்டிய கால்களை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான், மாப்பிள்ளை வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள் என்று பேச்சு. மாம்பூவைக் குத்தகைக்கு எடுத்தவன் தோப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயிலடியில் கூடி, திருவிழாவை என்றைக்கு வைப்பது என்று இரண்டு மணி நேரம் பேசியது. சாக்கம்மாளின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. ஒருவர் பெயரை எடுக்காமல் இரண்டு மணி நேரம் பேசுவது எவ்வளவு சிரமம் என்பது கூட்டத்துக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

ஆவணி நடுவில் ஒரு நாள் வயலில் சாக்கம்மாள் மட்டும் இருந்தாள். விடிந்ததிலிருந்து ஒருத்தியாகவே வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி பிடித்த விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது, முந்தின நாள் உரிந்தது அல்ல, மாசி இருபத்துமூன்றாம் தேதி உரிந்தது, அது ஆறவே இல்லை. கௌரம்மா வரப்பில் வந்து நின்றாள்.

"எக்கா."

"சொல்லு."

"நான் சொல்றதுக்கு என்னா கீது. உனுக்குத் தெரியாததா."

சாக்கம்மாள் வெட்டினாள்.

"மாமா நல்லவருதான். என் ஊட்டுக்காரன் செத்தப்ப பாடைக்கு மூங்கில் வெட்டனது அவருதான், நான் மறக்கல. ஆனா என் ஊட்ல ரெண்டு உசுரு, எக்கா. ஒண்ணு உள்ளருந்து உதைக்குது, ஒண்ணு வெளியருந்து அழுவுது. நான் நடுவுல ஒக்காந்து எத்தினி நாளிக்கி வென்னி ஒத்தடம் குடுக்கட்டும்?"

"எனுக்கு இருக்கறது ஒண்ணு கௌரம்மா. புள்ளையா குட்டியா, யாரு கீறாங்க? அத எடுத்துக் குடுன்றியா?"

"நான் குடுன்னு கேக்கல."

"பின்ன என்னா கேக்கற?"

கௌரம்மா வரப்போரத்து வாளியைப் பார்த்தாள். பிறகு, கேட்க வந்ததைக் கேட்க முடியாதவர்கள் செய்வதுபோல, வாளியில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது.

அன்று மூன்று மணிக்கு இரத்தம் வந்து நின்றபிறகு சாக்கம்மாள் கிண்ணத்தைக் கழுவப் போனபோது திம்மராயன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தான்.

"ஏம்மே. வேலிக்கு அந்தப் பக்கம் கௌரம்மா பேசனது கேட்டுது."

"காது மட்டும் நல்லாத்தான் கீது."

"இருபத்திமூணாந் தேதி வலிய நான் நூத்தி எம்பது தடவ பட்டுட்டன்." மூச்சு இழுத்தான். "இருபத்திநாலாந் தேதி வலி எப்பிடி இருக்குன்னு ஒருக்கா பாத்துட்டுப் போறனே."

"போறன் போறன்னா எங்க போற? நான் எங்க போறது?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். தலைப்பை விட்டான்.

அவள் அதற்கப்புறமும் இரண்டு நாள் வெட்டினாள். மூன்றாம் நாள் அவனுடைய பழைய வேட்டியில் ஒரு சாண் கிழித்துச் சின்னப் பையாகத் தைத்தாள். பிளாக்ஸ் காய் கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும், உள்ளே மூன்று விதை, காய்ந்ததும் தானாக வெடித்து விதையை நாலு முழம் தள்ளி எறியும், அதனால் விதைக்கு விடுகிறவர்கள் காயைத் துணிப்பையால் மூடிக் கட்டுவார்கள். வடக்கு மூலையில் ஒரு வெள்ளைப் பூச்செடியில் ஒரே ஒரு கொத்தை வெட்டாமல் விட்டு, பையைக் கட்டினாள். மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போல வெட்டினாள். ஒரு காய், அதுவும் பைக்குள், மண்ணில் விழாத விதை. இவ்வளவு கொடுத்தால் அவ்வளவு போதும் என்று யாரிடமோ பேரம் பேசுகிறவள்போல இருந்தது அவள் கை.

மறுநாள் சொசைட்டி எழுத்தர் பழக்க தோஷத்தில் ஒரு தாள் கிழித்தார். மாசி இருபத்துநாலு. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கிழித்த தாளைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்றார். ஊர் முழுக்க அன்று எல்லோரும் நகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் கொண்டாடவில்லை, சாக்கம்மாள் வீட்டு வழியாகப் போனவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நாள் நகர்ந்தது, அவள் அதை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தாள். பையின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினாள், குளிர்ச்சியில் காய் பச்சையாகவே இருக்கும் என்பதால். வேரில் மணிக்கொரு முறை தண்ணீர் விட்டாள். நிழலுக்குத் தென்னை ஓலை நட்டாள். வடக்கு மூலையிலேயே பகலெல்லாம் உட்கார்ந்து பையைத் திறந்து திறந்து பார்த்தாள். கோழிகள் குஞ்சு பொரித்தன. மாமரத்தில் மிளகளவு பிஞ்சு தெரிந்தது. பங்குனி பிறந்தது. பங்குனி பதினாலு காலையில் கௌரம்மா வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்து போயிற்று.

செய்தி சொல்ல அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எந்த முகத்தோடு வருவார்கள்? மறுநாள் இம்தியாஸ்தான் சொன்னான், வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல். "பொண்ணு அக்கா. ரெண்டு கிலோ நானூறு. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"சரி" என்றாள் சாக்கம்மாள். "நல்லாருக்கட்டும்."

வேன் போனதும் கத்தரியை எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்குப் போனாள். பிறக்க வேண்டியது பிறந்துவிட்டது. யார் உயிரும் இப்போது நடுவில் இல்லை. பிறந்த பிள்ளை பிறந்தபடியே, கண் திறக்காமல், கழுத்து நிற்காமல், என்றென்றைக்கும் ஒரு நாள் குழந்தையாகவே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போனாள். முந்தின ராத்திரியிலிருந்து திம்மராயனின் மூச்சில் ஒரு புதிய சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மாசி இருபத்துமூன்றில் இல்லாத சத்தம். அவள் சாக்கை விலக்கினாள், பையோடு சேர்த்துக் கொத்தை வெட்டினாள், வெட்டியதை வாய்க்கால் தண்ணீரில் போட்டு, அது மிதந்து போவதைக் கண்ணுக்குத் தெரிகிற மட்டும் பார்த்தாள்.

மறுநாள் பங்குனி பதினாறு.

அவள் வயலுக்கு ஓடினாள். பாத்தி பாத்தியாகக் குனிந்து இலையை விலக்கினாள். இருபத்திரண்டு நாள் அந்த ஒரு பையையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணும் கையும் மற்ற பாத்திகளில் மேலோடு போயிருந்தன. மேலே தெரிந்த பூவை வெட்டியிருக்கிறாள், இலைக்கடியில் குனிந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு செடியிலும் அடிக்கிளையில், தண்டு ஓரத்தில், மண்ணைத் தொட்டுக்கொண்டு காய் இருந்தது. நாலு, எட்டு, பன்னிரண்டு. பச்சையாக, வெளிறி, சில பழுப்பேறி. வெட்டத் தொடங்கினாள். ஒரு பாத்தி முடிப்பதற்குள் கத்தரி பிடிக்க முடியாமல் கையால் உருவினாள், உருவியதைப் புடவை மடியில் போட்டாள், மடி நிறைந்தது, எழுந்து பார்த்தாள். பதினேழு பாத்தி மிச்சம் இருந்தது. செடிகளின் மேலிலைகள் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தன.

வரப்பில் கௌரம்மா வந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவள், கையில் இன்னும் பிளாஸ்க் இருந்தது. மடியைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள், இவள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கு அந்தக் கணமே புரிந்தது. பிளாஸ்கைக் கீழே வைத்தாள். அடுத்த பாத்தியில் இறங்கி உட்கார்ந்து காயை உருவத் தொடங்கினாள். தன் பேத்தியின் நாட்களைத் தன் கையாலேயே உருவினாள். உச்சி வரைக்கும் இரண்டு பேரும் உருவினார்கள். ஒன்பது பாத்தி மிச்சம் இருந்தபோது சாக்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"போதும். ஊட்டுக்குப் போ. கொழந்தைக்கு என்னா வேணுமோ பாரு."

"எக்கா—"

"போடி."

அவள் வீட்டுக்கு வந்து கை கழுவி, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து திம்மராயனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாள் நகர்ந்த பிறகும் விடாமல் வந்துகொண்டிருந்த பத்து மணிக் குத்து அன்று வரவில்லை. அவன் அதை எதிர்பார்த்து விலாவில் கைவைத்தபடியே இருந்திருக்கிறான். முதல் தடவையாக வெயில் வெயிலாக அடித்தது, ஆறு மாதமாக அந்த ஊருக்கு வராத வெயில். வயலில் காய்ந்த காய்கள் வெடிக்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு எங்கே என்று சொல்ல முடியாமல் அரை ஏக்கரும் சேர்ந்து படபடவென்று.

திம்மராயன் கண் மூடியபடியே கேட்டான். "தாளிக்கிறியா?"

சாக்கம்மாள் அவன் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கினாள். மூன்று வாரத்து முடி வளர்ந்திருந்தது.

"ஆமா."

"என்னா கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"ரெண்டு மொளகா கூடக் கிள்ளிப் போடு" என்றான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "கடுகு நெறையத்தான் போட்டுட்ட."

"ஆமா, கை தவறிடுச்சி."

தோளில் மூச்சுச் சத்தம் நின்ற பிறகும், கடைசிக் காய் வெடிக்கிறவரை அவள் அசையவில்லை. பிறகு அவன் தலையை மெதுவாகத் தலையணையில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, புளியை ஊறப்போட்டாள்.